ஸ்மார்ட் பிளக்கும் ஒலிக் கருவியும்

நான் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியன். எங்கள் கல்லூரியில் விழா எது நடந்தாலும் ஒலிக் கருவிகளைக் கவனிக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் ஒரு மர அலமாரியில் இரண்டு பழைய ஆம்ப்ளிபயர்கள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் இருவர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஒவ்வொரு முறையும் அலமாரியைத் திறந்து, குனிந்து, இருட்டில் கைவிட்டுச் சுவிட்சைத் தேடுவது எனக்குப் பெருந் தொல்லையாக இருந்தது.

இதைக் கண்ட மாணவர் ஒருவர் 2023ஆம் ஆண்டில் 'ஸ்மார்ட் பிளக்' ஒன்றை வாங்கி வந்தார். சுவரில் அதைச் செருகி, அதன் முகப்பில் ஆம்ப்ளிபயர்களின் பிளக்கைச் செருகிவிட்டால் போதும். அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியைத் தொட்டால் மின்சாரம் பாயும். மறுபடி தொட்டால் நிற்கும். அதன்மேல் 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் ஆம்ப்ளிபயர்கள் இரண்டும் சேர்ந்து, எவ்வளவு உரக்கப் பாடினாலும் 8 ஆம்பியருக்கு மேல் இழுப்பதில்லை. பாதிக்குப் பாதி மிச்சம் இருக்கிறதே என்று கணக்குப் பார்த்து நானே சம்மதம் கொடுத்தேன். கொடுத்தவன் பௌதிக ஆசிரியன் என்பதை நீங்கள் மறந்துவிட வேண்டாம்.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு நாள் மாலை நாடகம் முடிந்தது. கைப்பேசியில் 'அணைக்கப்பட்டது' என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரவு பத்து மணிக்குக் காவலர் அழைத்தார். "ஐயா, கூடத்திலே ஏதோ இரையுதுங்க. உள்ளே ஆளும் இல்லை" என்றார். ஓடிச் சென்று பார்த்தேன். ஆம்ப்ளிபயர்களின் விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. ஸ்மார்ட் பிளக்கின் உடல் பழுப்பேறி, சுட்ட பிளாஸ்டிக்கின் நாற்றம் வீசியது. கைப்பேசியோ அப்போதும் 'அணைக்கப்பட்டது' என்றே சாதித்தது! சுவரிலிருந்த எம்.சி.பி.யை இறக்கிய பிறகுதான் விசிறிகள் நின்றன. மர அலமாரி, அதற்கு மேலே மேடைத் திரைச்சீலை. காவலர் அன்று உறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

மறுநாள் அந்தப் பிளக்கைப் பிளந்து பார்த்தோம். உள்ளே ஒரு சிறிய ரிலே இருந்தது. ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சு. சுருளில் மின்சாரம் சென்றால் ஒரு தகடு இழுக்கப்பட்டு, இரண்டு வெள்ளிக் கலவைப் புள்ளிகள் ஒன்றையொன்று தொடும். சுருளில் மின்சாரம் நின்றால் ஒரு வில் அவற்றைப் பிரிக்கும். எங்கள் ரிலேயில் அந்தப் புள்ளிகள் இரண்டும் உருகி ஒன்றாய்ப் பற்றிக்கொண்டிருந்தன. வில் தன்னால் ஆனமட்டும் இழுத்துப் பார்த்திருக்கிறது, பிரிக்க முடியவில்லை. கைப்பேசி பொய் சொல்லவில்லை. 'சுருளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டேன்' என்பதுதான் அதற்குத் தெரிந்த செய்தி. புள்ளிகள் பிரிந்தனவா என்று எட்டிப் பார்க்க அதற்குக் கண் இல்லை.

8 ஆம்பியர் ஓடும் இடத்தில் 16 ஆம்பியர் ரிலே ஏன் உருகியது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பிளக்கின்மேல் போட்டிருக்கும் எண், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் அடுப்பு போன்றவற்றை மனத்தில் வைத்துப் போட்ட எண். அவை முதல் கணத்தில் இழுக்கும் மின்னோட்டமும் அரை மணி கழித்து இழுக்கும் மின்னோட்டமும் அநேகமாக ஒன்றே. ஆம்ப்ளிபயரின் குணம் வேறு. அதன் வயிற்றில் வளைய வடிவமான கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்றும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டென்சர்களும் இருக்கின்றன. சுவிட்சைப் போடும் கணத்தில் அந்தக் கண்டென்சர்கள் வெற்றுக் குடங்கள். நிரம்பும் வரையில் கிடைப்பதையெல்லாம் விழுங்கும். டிரான்ஸ்பார்மரின் இரும்போ, முதல் அரைச் சுற்றிலேயே தாங்கமுடியாத அளவுக்குக் காந்தமேறித் தெவிட்டிப்போகலாம். தெவிட்டிய இரும்பைச் சுற்றிய சுருள், சுருளாக வேலை செய்யாது. வெறும் செப்புக் கம்பியாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்கிறோம். அதன் உச்சம் 325 வோல்ட். சுருளின் தடையும் சுவருக்குள் ஓடும் கம்பியின் தடையும் சேர்ந்து 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், எல்லை ஏறத்தாழ 160 ஆம்பியர். அதில் பாதியை எட்டினாலும் 80 ஆம்பியர்! இது நீடிப்பது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குதான். ஆனால் அந்தக் கணத்தில்தான் ரிலேயின் புள்ளிகள் முதன்முதலாக ஒன்றையொன்று சந்திக்கின்றன. சந்தித்தவுடன் நிலைப்பதும் இல்லை. தரையில் விழுந்த பந்துபோல நுண்ணிய அளவில் துள்ளுகின்றன. துள்ளும் ஒவ்வொரு முறையும் இடையில் பொறி பறக்கிறது; வெள்ளி உருகுகிறது. உருகிய நிலையில் அழுந்தி ஆறினால் பற்றுவைத்ததுபோல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாத நாட்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஆகவேதான் மூன்று மாதம் தாங்கியது.

மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும் கணத்தில் சுவிட்சைப் போட்டால் தொல்லை தீர்ந்துவிடாதா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. கண்டென்சருக்கு அது நன்மை. ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அதுவே மிகப் பொல்லாத கணம். மின்னழுத்தம் உச்சியில் இருக்கும்போது போட்டால்தான் இரும்பு தெவிட்டாது. ஆம்ப்ளிபயருக்குள் இரண்டும் அல்லவா இருக்கின்றன! ஒருவருக்கு மருந்து மற்றவருக்கு நஞ்சாகிறது.

சரி, செய்யத்தக்கது என்ன? பாரத்தை ஸ்மார்ட் பிளக்கின் தலையில் ஏற்றாமல், கட்டளை கொடுக்கும் வேலையை மட்டும் அதற்கு விட்டுவிட்டோம். இப்போது எங்கள் பிளக், கான்டாக்டர் என்னும் பெரிய ரிலேயின் சுருளை மட்டுமே இயக்குகிறது. அந்தச் சுருளுக்குச் சில வாட் போதும். கனத்த புள்ளிகளும் வலுவான வில்லும் உள்ள கான்டாக்டர்தான் ஆம்ப்ளிபயருக்கு மின்சாரம் விடுகிறது. டிரான்ஸ்பார்மர்களை இயக்கத் தகுந்தவை என்று கான்டாக்டர்களில் ஒரு வகையே உண்டு, ஏ.சி.-6ஏ என்று அதைக் குறிப்பார்கள். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் இதை உலோகப் பெட்டிக்குள் அமைத்துத் தந்தார். எர்த் கம்பி எந்தச் சுவிட்சின் வழியாகவும் போகாமல் நேராகச் செல்கிறது.

அதோடு மென்தொடக்கம் ஒன்றையும் சேர்த்தோம். முதல் அரை விநாடி, மின்சாரம் 47 ஓம் தடை ஒன்றின் வழியாகச் செல்கிறது. 325-ஐ 47-ஆல் வகுத்தால் 7-க்கும் குறைவு. 80 ஆம்பியர் எங்கே, 7 ஆம்பியர் எங்கே! கண்டென்சர்கள் ஓரளவு நிரம்பியதும் இன்னொரு ரிலே தடையை விலக்கிவிடுகிறது. அந்த ரிலே என்றாவது மக்கர் செய்தால் தடை சுட்டுப் பொசுங்குமே என்பதற்காக, சூட்டில் அறுந்துபோகும் பியூஸ் ஒன்றையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. புதிய ஆம்ப்ளிபயர்கள் சிலவற்றில் இந்த மென்தொடக்கம் உள்ளேயே அமைந்திருக்கிறது. கையேட்டைப் புரட்டினால் தெரியும். சுவிட்சைப் போட்டதும் எம்.சி.பி. சில வேளை 'டக்'கென்று விழுகிறதென்றால், உங்கள் ஆம்ப்ளிபயரில் அது இல்லை என்று சந்தேகிக்கலாம்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. வரும்போது, அணையாமல் விட்டிருந்த எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் வாயைத் திறக்கின்றன. ஆகையால், மின்சாரம் திரும்பினாலும் கட்டளை வரும்வரை அணைந்தே இருக்கும்படி ஸ்மார்ட் பிளக்கின் அமைப்பைத் திருத்தி வைத்தோம். போடும்போது ஒலிக்கலவைக் கருவி முதலில், ஆம்ப்ளிபயர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபயர் முதலில். முறை மாறினால் ஒலிபெருக்கிகள் 'டமார்' என்று அதிரும். அவற்றின் நுண்ணிய சுருள்களுக்கு அது நல்லதல்ல.

கான்டாக்டரும் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா? ஒட்டலாம். அதற்காகப் பெட்டியின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறோம். அது கைப்பேசியின் கட்டளையைக் கேட்டு எரிவதில்லை. கான்டாக்டரைத் தாண்டி, ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் கம்பியிலேயே இணைத்திருக்கிறது. அங்கே மின்சாரம் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. அரங்கைப் பூட்டுமுன் அந்த விளக்கைப் பார்க்கும் வேலையைக் காவலரிடமே ஒப்படைத்திருக்கிறேன். எரிந்தால் உடனே எம்.சி.பி.யை இறக்கிவிடுவார், எனக்குப் பிறகு சொன்னால் போதும்.

பழுது பார்க்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு சொல். ஸ்மார்ட் பிளக்குகள் பலவற்றில் இரண்டு கம்பிகளில் ஒன்றைத்தான் ரிலே துண்டிக்கிறது. சுவரில் பேசும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அணைத்த பின்னும் ஆம்ப்ளிபயருக்குள் 230 வோல்ட் காத்திருக்கும். ஆகவே மூடியின் திருகைத் தொடுமுன் பிளக்கைச் சுவரிலிருந்து கையால் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கியபின் கண்டென்சர்கள் வடிவதற்குச் சில நிமிஷம் விட்டு, மீட்டரை வைத்து அளந்து, முள் பூஜ்யத்துக்கு இறங்கியதைப் பார்த்த பிறகே உள்ளே கை வைப்பது எங்கள் வழக்கம்.