கெடு வேறு, ஆசை வேறு

(கும்மிடிப்பூண்டி வட்டார வணிகர்களும் இளைஞர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று அரசியல் பேசப் போவதில்லை. தேதியைப் பற்றிப் பேசப் போகிறேன். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். நம்மில் எத்தனை பேர் கையில் பணம் இருந்தும் அபராதம் கட்டியிருக்கிறோம்? கட்ட வேண்டிய நாள் 20 என்பது தெரியும், பணமும் வங்கியில் கிடக்கும், ஆனால் 24-ஆம் தேதிதான் நினைவுக்கு வரும். ஏழ்மையால் போகும் காசுக்காவது ஒரு காரணம் உண்டு. இப்படிப் போகும் காசுக்கு என்ன காரணம் சொல்வது?

ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கெடு என்பது வேறு, ஆசை என்பது வேறு. கெடுவை விதிப்பது நாமல்ல. அது தவறினால் நமக்கு வெளியே ஏதோ ஒன்று நடக்கும். அபராதம் விழும், வழக்கு போடும் உரிமை போகும், ரயில் போய்விடும். ஆசை என்பது நாமே வைத்துக் கொள்ளும் நாள். "இந்த வெள்ளிக்கிழமைக்குள் கிடங்கை ஒழுங்குபடுத்த வேண்டும்" என்பது ஆசை. வெள்ளிக்கிழமை போனால் சனிக்கிழமை வரும், கிடங்கு அப்படியே இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். இந்த இரண்டையும் ஒரே காலண்டரில், ஒரே சிவப்பு மையால் எழுதுகிறோம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. பத்து ஆசைகளைத் தள்ளிப் போட்டுப் பழகிய கை, பதினோராவதாக வரும் உண்மையான கெடுவையும் தள்ளிப் போடுகிறது. பொய்த் தேதி எழுதி நம்மை நாமே ஏய்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எழுதியவனுக்கே அது பொய் என்று தெரியுமே! பிறகு எப்படி அது வேலை செய்யும்?

நம் மாவட்டத்தின் பழவேற்காட்டை எண்ணிப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தத் துறையில் முஸ்லிம் வணிகர்களும் வாழ்ந்தார்கள். இந்தக் கரையிலிருந்து துணிகள் மலாக்கா பக்கமும் நறுமணத் தீவுகளுக்கும் போயின. நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்து, துணி வந்து சேர்ந்து, மூட்டை கட்டி, கப்பல் ஏற வேண்டும். அவர்களுக்குக் கெடு வைத்தது காற்று. வடகிழக்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்க முடியாது. காற்றிடம் யாரும் வாய்தா வாங்க முடியாது. கப்பல் புறப்படும் நாளைத் தெரிந்து வைத்திருந்தால் மட்டும் போதுமா? நெசவாளரிடம் முன்பணம் எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதல்லவா கணக்கு! முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் நாளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நாம் எழுதி வைப்பதெல்லாம் முடியும் நாளை மட்டும்தான். ஜி.எஸ்.டி.யை எடுத்துக் கொள்வோம். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரத்துக்கு மறு மாதம் 11, வரியோடு கூடிய 3பி படிவத்துக்கு 20. காலாண்டு முறையில் உள்ள தமிழ்நாட்டுக்காரருக்கு 3பி படிவத்தின் நாள் 22. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய்த் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. வணிகர் போனில் "20, ஜி.எஸ்.டி." என்று அலாரம் வைத்திருப்பார். 20-ஆம் தேதி காலை மணி அடிக்கும். அன்று கொள்முதல் பில் பாதி கடையில், பாதி வண்டியில். ஆடிட்டர் அலுவலகத்தில் நம்மைப் போல நாற்பது பேர். அந்த அலாரம் நினைவூட்டவில்லை, நாள் போய்விட்டதை அறிவித்தது! அந்த வணிகருக்கு வேண்டிய அலாரம் 5-ஆம் தேதிக்கு. அதில் எழுத வேண்டிய வாசகமும் "ஜி.எஸ்.டி." அல்ல, "பில் கட்டை ஆடிட்டரிடம் கொடு" என்பதே. வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் நாள் 15. ஆள் வைத்து வேலை வாங்கும் காண்டிராக்டர்கள் வருகைப் பதிவேட்டை முடிக்கும் நாளுக்கு மணி அடிக்கச் செய்யுங்கள். 15-ஆம் தேதி தானே வரும்.

இது நமக்குப் புதிதா? பாங்கு எப்போது சொல்கிறார்கள்? தொழுகையின் நேரம் முடியும்போதா? நேரம் நுழையும்போது சொல்கிறார்கள். பிறகு ஜமாஅத் நிற்கும் வேளையில் இகாமத். முதலாவது கேட்டதும் கல்லாவைப் பூட்டி, ஒளுச் செய்து வர அவகாசம் இருக்கிறது. நாள்தோறும் ஐந்து முறை இதைக் கேட்கும் நாம், தொழில் கணக்கில் மட்டும் நேரம் முடியும்போது மணி அடிக்க வைக்கிறோம்.

இனி, நம் வணிகர்களை மிகவும் வாட்டும் விஷயத்துக்கு வருகிறேன். அது வர வேண்டிய பணம்.

இங்கே சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஒரு பெரிய ஆலைக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கும் சிறு தொழில்காரர் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். உத்யம் பதிவு வைத்திருக்கிறார். மார்ச் 3-ஆம் தேதி சரக்கை இறக்கினார். பணம் எப்போது வர வேண்டும்? "அவங்க போடும்போது போடுவாங்க பாய்" என்பார். இல்லை, சட்டம் நாள் குறித்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போக முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். எந்த நாளிலிருந்து எண்ணுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பில் பாஸான நாளிலிருந்தோ ஜி.ஆர்.என். போட்ட நாளிலிருந்தோ அல்ல. சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். சரக்கில் குறை இருப்பதாக வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொன்னால் மட்டுமே, அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்து கணக்கு. ஆக, 45 நாள் ஒப்பந்தமானால் மார்ச் 3-இல் இறக்கிய சரக்குக்கு ஏப்ரல் 17 கெடு. அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. 2023 நிதிச் சட்டம் கொண்டு வந்து 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தால், குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. அந்தப் பெரிய ஆலையின் கணக்கு அதிகாரிக்கும் இப்போது உங்கள் தேதி ஒரு கெடு! ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்பு பொருள் செய்வோர்க்கும் சேவை செய்வோர்க்கும் உரியது. வாங்கி விற்கும் வணிகர்க்கு உத்யம் பதிவு 2021 முதல் வங்கிக் கடன் முன்னுரிமைக்காக மட்டுமே தரப்படுகிறது. சட்டம் தரும் நாள் இல்லாததால், வணிகர்கள் தம் தவணையைப் பில்லிலேயே எழுதி வாங்குவது இன்னும் அவசியம்.

சரி, இந்த ஏப்ரல் 17-ஐ என்ன செய்வது? ஏப்ரல் 18-ஆம் தேதி போன் போட்டுச் சண்டை போடுவதா? ஏப்ரல் 7-ஆம் தேதியே போன் போடுங்கள். "சார், 17-ஆம் தேதியோட நம்ம பில்லுக்கு 45 நாள் முடியுது. சலான் காப்பி, ஜி.ஆர்.என். எல்லாம் உங்ககிட்ட சரியா இருக்கா சார்?" இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. பத்தில் ஏழெட்டு இடத்தில் ஏதாவது ஒரு தாள் இல்லாமல்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அந்தத் தாளைத் தேட அவருக்குப் பத்து நாள் கிடைக்கிறது. பிறர்க்கு நாம் செய்யும் நினைவூட்டலும் அவர் செயல்பட நேரம் இருக்கும்போது போய்ச் சேர வேண்டும்.

செக் விஷயம் இதைவிடக் கடுமை. 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம். அதற்கு முன் ஆறு மாதமாக இருந்தது. பழைய நினைப்பில் பீரோவில் செக்கை வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதிலும் கொடுக்காவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். தகுந்த காரணம் காட்டினால் புகாரின் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். அதை நம்பி உட்கார்ந்துவிட முடியுமா? நோட்டீஸுக்கான 30 நாளைத் தவறவிட்டால், செக்குக்கு ஆயுள் மீதமிருக்கும் பட்சத்தில் மீண்டும் வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் எதிர் பழனியப்பன் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்தது. மூன்று மாதம் கடந்த செக்குக்கு அந்த வழியும் இல்லை.

இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். மூன்று கெடுக்களையும் முதல் நாளே காலண்டரில் குறிக்க முடியாது. நோட்டீஸ் அவர் கைக்கு எந்த நாள் போகும் என்று இன்று யாருக்குத் தெரியும்? தபால் அட்டை திரும்பி வந்த அன்றே, அதைக் கோப்பில் வைப்பதற்கு முன், அடுத்த தேதியை எழுத வேண்டும். ஒரு வேலை முடியும் இடத்தில் அடுத்த தேதி பிறக்கிறது. அதை எழுதாமல் கோப்பை மூடக் கூடாது. இதை வழக்கறிஞரின் குமாஸ்தா பார்த்துக் கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவரிடம் நூறு கோப்பு இருக்கும், உங்களுக்கு இருப்பது ஒன்று.

இப்போது இளைஞர்களுக்கு. உங்கள் போனில் ஒரு நாளைக்கு எத்தனை முறை மணி அடிக்கிறது? அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2013 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விட்டது. நோயாளிகளோடு இணைந்த கருவிகளின் அலாரம் தொடர்பாக, 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை தன்னிடம் வந்த 98 சம்பவங்களில் 80 பேர் இறந்ததாக அது சொன்னது. காரணங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? அலாரம் அடிக்காதது அல்ல, ஓயாமல் அடித்தது! பெரும்பாலானவை ஒன்றும் செய்யத் தேவையில்லாத அலாரங்கள். கேட்டுக் கேட்டுச் செவிலியர் காது மரத்துப் போனது. சிலர் சத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். உயிர் காக்கும் இடத்திலேயே இப்படியென்றால், "தண்ணீர் குடி" என்பதற்கும் "செக் நோட்டீஸ்" என்பதற்கும் ஒரே ஓசையை வைத்திருக்கும் நம் போன் எம்மாத்திரம்?

ஆகவே கெடு இல்லாத காரியத்துக்குத் தேதி போடாதீர்கள். அதை ஒரு தாளில், தேதி இல்லாமல் எழுதுங்கள். ஜும்ஆவுக்குக் கடை அடைத்து, சாப்பாடு முடிந்து, மீண்டும் திறப்பதற்கு முன் ஓர் அரை மணி கிடைக்கிறதே, அப்போது அந்தத் தாளைப் பாருங்கள். செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். இரண்டு மாதமாகத் தொடாததைத் தயங்காமல் அடித்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஷிப்டில் வேலை செய்வோர்க்குத் தனியாக ஒன்று. பகல் ஷிப்டு வாரத்தில் காலை பத்து மணிக்கு வைத்த அலாரம், இரவு ஷிப்டு வாரத்தில் உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பும். கண்ணைத் திறக்காமலே அணைப்பீர்கள், காரியமும் அணைந்தது. மணிக்கணக்கில் வைக்காமல் செயலோடு கட்டுங்கள். "ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டியதும் வங்கிக்குப் போன்" என்று. பாஸ்போர்ட் வைத்திருப்போரும் கேளுங்கள். அதில் அச்சிட்ட முடிவு நாள் உங்கள் கெடு அல்ல. பல நாடுகள் ஆறு மாத ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. வளைகுடா வேலைக்கு முயல்பவர் அச்சிட்ட நாளுக்கு ஓராண்டு முன்னால் குறியிட்டுக் கொள்ளட்டும்.

கைமாத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம்மவர் சிநேகம் உடைவது பெரும்பாலும் அங்கேதான். "அப்புறம் தர்றேன் பாய்", "பரவாயில்ல பாய், மெதுவா குடுங்க." நல்ல மனதோடு பேசிய இந்த இரண்டு வாக்கியங்கள் ஆறு மாதத்தில் இருவரையும் பேசாதவர்களாக்கி விடுகின்றன. கொடுத்தவர் ஒரு நாளை மனதில் வைத்திருக்கிறார், வாங்கியவர் வேறு நாளை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282, தவணை குறித்த கடனை எழுதி வைப்பது பற்றியது என்பது இங்குள்ளோர் அறிந்ததே. அதற்குச் சற்று முன்னால்தான் நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் தருவது பற்றியும் வருகிறது. நாள் குறித்திருந்தால்தானே அவகாசம் தர முடியும்! நாளே இல்லாத கடனில் எதை நீட்டிப்பது? ஆகவே ஐயாயிரமானாலும் ஒரு தேதி கேளுங்கள். முடியாவிட்டால் அந்தத் தேதிக்கு முன்பே வந்து அவர் சொல்லட்டும்; அங்கேயே புதுத் தேதி எழுதுங்கள்; பழையதை இருவரும் பார்க்க அடித்துவிடுங்கள்.

பில் புத்தகமோ செக் விவரமோ கையில் கொண்டு வந்தவர்கள் அமர்வு முடிந்ததும் முன் வரிசைக்கு வாருங்கள். மேசையில் காலண்டர் இருக்கிறது. உங்கள் சரக்கு இறங்கிய நாளைச் சொல்லுங்கள். 45 நாளைச் சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.