சாம்பிராணியிலிருந்து பென்சீன் வரை





நம் பிள்ளைகள் வேதியியலில் பென்சீன் என்ற சேர்மத்தைப் படிக்கிறார்கள். ஆறு கார்பன் அணுக்களும் ஆறு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அது. எங்கோ ஐரோப்பாவில் பிறந்த பெயர் என்றே நாம் எண்ணுகிறோம். அதன் வேரோ நம் வீட்டுச் சாம்பிராணிச் சட்டியில் இருக்கிறது.

சுமத்ராவில் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் நறும்பிசினை மலாய்க்காரர் 'கெமெஞான்' என்பர். நாம் சாம்பிராணி என்கிறோம். அரபு வணிகர் அதற்கு இட்ட பெயர் 'லுபான் ஜாவி'. லுபான் என்றால் குந்திரிக்கம். ஜாவி என்றால் ஜாவாவைச் சேர்ந்தது. அந்நாளில் அரபியர் சுமத்ராவையும் ஜாவா என்றே அழைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதாவும் அப்படியே குறித்திருக்கிறார்.

சரக்கு மத்தியதரைக் கடல் துறைமுகங்களை அடைந்தது. முன்னிருந்த 'லு'வைத் தங்கள் மொழியின் சுட்டுச்சொல் என நினைத்து அவ்வூரார் விட்டுவிட்டனர். மிஞ்சியது திரிந்து 'பென்சாயின்' ஆயிற்று. அப்பிசினில் கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1833இல் ஜெர்மானிய அறிஞர் மிட்ஷர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சி வடித்தார். கிடைத்த திரவத்துக்கு 'பென்சின்' என்று பெயரிட்டார். அதுவே பென்சீன். மோட்டார் வண்டி செய்த பென்ஸ் என்பவரின் பெயரால் வந்தது என்பாரும் உண்டு; அவர் பிறந்ததே 1844இல்தான்!

பென்சீனை முதலில் பிரித்தெடுத்தவர் ஆங்கிலேயரான ஃபாரடே, 1825இல். அந்தப் பெருமையை நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரில் இந்த மண்ணும் மரமேறிய உழைப்பாளியும் கடலோடிய வணிகரும் இருக்கிறார்கள்.

அதே 'ஜாவி' நம்மையும் தொட்டது. இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினரை 'ஜாவி பெரானாக்கான்' என்றனர். அப்பெயரிலேயே 1876இல் சிங்கப்பூரில் மலாய்ச் செய்தித்தாள் ஒன்று வெளிவந்தது.

ஊர்விட்டு ஊர் போகும் சொல் உருமாறும், மனிதரும் அப்படியே. நம் பேரப்பிள்ளைகளின் நாவில் தமிழ் மெலிந்து வருவதை நாம் அறிவோம். ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்யும் நாம் அவர்களைக் கடிந்துகொள்வதை விட்டு, இத்தகைய சொற்களின் கதையை அவர்களோடு அமர்ந்து பேசுவோம். பள்ளிப் பாடமும் பாட்டியின் சாம்பிராணியும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்று அவர்கள் உணரட்டும். இன்ஷா அல்லாஹ், வேர் பிழைக்கும்.