நெஞ்சுவலியும் பக்கவாதமும்: செய்தி சேராத வீடுகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)





மாரடைப்பின் அறிகுறி யாதெனக் கேட்டால், படித்த நம் இளைஞர்கள் தயங்காமல் விடை கூறுகின்றனர்: நடுநெஞ்சில் அழுத்தம், இடக்கைக்குப் பரவும் வலி, வியர்வை. பீடி சுற்றும் தாய்மார்களிடத்தும் கூலி வேலை செய்யும் சகோதரர்களிடத்தும் அதே வலிக்கு 'வாயுப் பிடிப்பு' என்று பெயர். ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்து இரவைக் கழிக்கின்றனர். கைகால் விழுந்தால் எண்ணெய் தேய்க்கின்றனர். இதனை அவர்கள் குற்றமாக நாம் கருதுவதற்கில்லை, எடுத்துச் சொல்வாரில்லை.

பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையையே எடுத்துக்கொள்வோம். அதைப் படிப்போர் ஆண்கள், அவர்களுள்ளும் எழுத்தறிந்தோர். ஜும்ஆ பயானைக் கேட்போரும் பெரும்பாலும் ஆண்களே. பெண்களுக்கு வரும் மாரடைப்போ, நெஞ்சுவலி பெரிதாக இன்றி மூச்சுத்திணறல், தாடைவலி, முதுகுவலி, குமட்டல், காரணமறியாச் சோர்வு எனவும் தோன்றக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமலும் போகலாம். கணவர் வளைகுடாவில், மகன் வெளியூரில். நள்ளிரவில் யாரிடம் கேட்டுப் புறப்படுவது என்று அப்பெண்மணி விடியும்வரை காத்திருக்கிறார். எவரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று இச்சபையிலிருந்தே நாம் அறிவித்தாக வேண்டும்.

பக்கவாதத்திற்கு மூன்று அடையாளங்கள் போதும்: முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறுதல். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். இரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மூளையில் இரத்தக்கசிவாகவும் இருக்கக்கூடுமாதலால் வீட்டில் மாத்திரை கொடுத்தல் கூடாது. புரையேறும் ஆபத்து உண்டாதலால் தண்ணீரும் வேண்டாம்.

செலவை எண்ணி அஞ்சுவோர் பலர். தமிழகத்தில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஊர்திக்குக் கட்டணமில்லை. 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு ஐயத்துடன் வருவோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதற்கட்ட மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. இவற்றை அறியாத குடும்பங்கள், வட்டிக்குப் பணம் தேடியே பொன்னான நேரத்தை இழக்கின்றன. (வட்டியைப் பற்றி வேறொரு நாள் பேச வேண்டும்.)

ஆகவே, பெண்கள் மத்ரஸாவின் ஆலிமாக்கள் வாயிலாக இச்செய்தியை வீடுதோறும் வாய்மொழியாகவே சேர்ப்பிக்க வேண்டும். இரவில் அழைத்தால் உடன் செல்வதற்குத் தெருவிற்கு இருவர் பெயரை ஜமாஅத் அலுவலகத்தில் பதிவு செய்யுமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும்.