மனித குல நன்மையின் பேரால்



அணுகுண்டு என்றதும் ஹிரோஷிமாதான் நம் நினைவுக்கு வருகிறது. யுத்தம் முடிந்த பிறகு, பரீட்சை என்ற பேரால் வெடித்த குண்டுகளால் பாழான ஜனங்களைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம்.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள மார்ஷல் தீவுகள், யுத்தத்தில் ஜப்பானிடமிருந்து அமெரிக்கா பிடித்தவை. அங்கே பிகினியில் தென்னையையும் மீனையும் நம்பி 167 பேர் வாழ்ந்தார்கள். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜபம் முடிகிற வேளை பார்த்து அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் வந்தார். மனித குல நன்மைக்காகவும், யுத்தங்களையே ஒழிப்பதற்காகவும் தீவைக் கொஞ்ச காலத்துக்கு விட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். பைபிளில் வரும் இஸ்ரவேலரோடு அவர்களை ஒப்பிட்டும் பேசினார். எல்லாம் ஆண்டவன் கையில் என்று அவர்களும் கப்பலேறினார்கள். அணுவைப் பிளந்த மகா விஞ்ஞானத்துக்கும் இடம் பிடித்துக் கொடுக்க வேதக் கதைதானே வேண்டியிருந்தது!

1958 வரை அத்தீவுகளில் 67 முறை வெடித்தார்கள். அவற்றில் பெரியது 1954 மார்ச் 1-ந் தேதி பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டு. ஹிரோஷிமா குண்டைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு; அவர்களே போட்ட கணக்குக்கும் இரண்டரை மடங்கு. பவளப் பாறை பொடியாகி, விஷக் கதிரேறிய வெண்சாம்பலாய், சுமார் நூறு மைல் கிழக்கேயுள்ள ரோங்கலாப் தீவில் கொட்டியது. இன்னதென்று தெரியாத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். குடிதண்ணீரிலும் விழுந்தது. வாந்தி கண்டது, தோல் வெந்தது, தலைமயிர் உதிர்ந்தது. பக்கத்துத் தீவிலிருந்த அமெரிக்கர் 28 பேரை மறுநாளே ஏற்றிச் சென்றவர்கள், ரோங்கலாப்காரர்களிடம் வந்தது அதற்கும் மறுநாள்! கடலில் இருந்த ஜப்பானிய மீன்படகின் ஆட்கள் 23 பேரும் அதே சாம்பலில் நனைந்து, ஒருவர் அவ்வருஷமே இறந்தார்.

காற்றின் மேல் பழி போட்டார்கள். அது அத்தீவுகள் பக்கம் வீசுகிறதென்ற தகவல் வெடிப்பதற்கு முன்பே வந்திருந்ததே, ஏன் நிறுத்தவில்லை?

1957-ல் இனிப் பயமில்லை என்று சொல்லித் திரும்பக் குடிவைத்தார்கள். வைத்தியர்கள் வருஷா வருஷம் வந்து இரத்தம் எடுத்துப் போனார்கள். சாம்பலில் விளையாடிய சிறு குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தொண்டைச் சுரப்பியில் கட்டி கண்டது. பூசாரி தீர்த்தம் சுத்தமென்றால் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் நாம், பட்டம் பெற்ற நிபுணர் சொன்னால் மட்டும் கைகட்டி நிற்பதா? ரோங்கலாப் மக்கள் நிற்கவில்லை. 1985-ல் தாங்களாகவே ஊரைக் காலி செய்தார்கள்.

நஷ்ட ஈட்டுக்கென்று 1988-ல் நியாயஸ்தலம் ஒன்று ஏற்பட்டது. அது கொடுக்கச் சொன்ன தொகை 200 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கா ஏற்படுத்திய நிதியோ 15 கோடி.