குருதி ஓடும் நெறி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியமும் இசையும் மணக்கின்ற இம்மேடையில் குருதியைப் பற்றிப் பேச நாம் முற்பட்டது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்து வருகிறோம். எனினும் மழைக்காலம் பிறந்துவிட்டால் இந்த ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளிலும் வீட்டுக்கு வீடு எழுகின்ற வினா ஒன்றுண்டு. டெங்குக் காய்ச்சல் கண்ட வீட்டின் வாசலில் நின்று, "பிள்ளைக்குப் பிளேட்லெட் எத்தனை?" என்று கேட்கிறோமே, அதுதான். அவ்வினா தவறன்று. ஆனால் அதற்கு முன்னே கேட்கவேண்டிய வினா வேறொன்று இருக்கிறது. அது இன்னதென்று விளங்க, குருதி நம் உடலில் எவ்வாறு ஓடுகிறது என்பதைச் சற்றே அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

குழாயில் நீர் ஓடுவது போலக் குருதி ஓடுகிறது என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். நீர் ஒரே பொருள். குருதியோ ஒரு கலவை. உறையாமற் காக்கப்பட்ட குருதியை ஒரு கண்ணாடிக் குழாயில் அசையாது நிறுத்தி வைத்தால், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர்மமும் கீழே செந்நிறப் படிவும் தனித்தனியே பிரிந்து நிற்கும். மேலே நிற்பது பிளாஸ்மா. அதிற் பெரும்பகுதி தண்ணீரே. கீழே படிவன சிவப்பணுக்கள். நூறு பங்கு குருதியில் ஆடவர்க்கு ஏறத்தாழ 45 பங்கும் பெண்டிர்க்கு ஏறத்தாழ 40 பங்கும் சிவப்பணுக்களே ஆகும். இந்தப் பங்கைத்தான் ஆய்வுக்கூடத்தார் தரும் தாளில் பி.சி.வி. என்றோ ஹீமட்டோகிரிட் என்றோ அச்சிட்டிருப்பார்கள். இப்பெயரை அன்பர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம். பின்னர் இதனிடமே வரப்போகிறோம்.

சிவப்பணுவின் வடிவம் வட்டு. நடுவே இருபுறமும் குழிந்தது. உளுந்து வடையைப் போல என்று சொல்லலாம். ஆனால் துளை கிடையாது, விரலால் அழுத்திய பள்ளம் மட்டுமே உண்டு. குறுக்களவு ஏறத்தாழ 8 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான் எனப்படுவது. இந்த அணு நுழைந்து செல்லவேண்டிய நுண்குழல்கள் பலவற்றின் உள்ளளவோ 5 மைக்ரானுக்கு மேல் இராது. எட்டு ஐந்திற்குள் எவ்வாறு நுழையும்? மடங்கித்தான் நுழையும். சாலைக் கடைத்தெருவின் சந்துகளில் மூட்டை சுமப்போர் உடலை ஒருக்களித்து, தோளைக் குறுக்கி எதிரே வருபவரைக் கடந்து போவதை நாள்தோறும் காண்கிறோம் அல்லவா? அத்தகைய வித்தையைச் சிவப்பணு நாள் முழுதும் செய்துகொண்டிருக்கிறது.

அதற்கு அவ்வாறு மடங்க இயல்வது ஏன்? முட்ட முட்ட அரிசி நிரப்பித் தைத்த சாக்கு வளையாது; முக்கால் அளவே நிரப்பிய சாக்கை எப்படியும் மடக்கலாம். சிவப்பணுவும் நிறையாத சாக்கே. தன்னுள் அடங்கிய பொருளைப் பந்து வடிவில் மூடத் தேவையான தோலைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு மிகுதியான தோல் அதற்கு அமைந்திருக்கிறது. உட்கரு என்னும் கெட்டிப் பொருளையும் அது முன்னமே துறந்துவிட்டது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரும் மலைப்பாதையில் வண்டி வளைந்து வருவதை நாம் அனைவரும் சன்னலோரம் அமர்ந்து கண்டிருக்கிறோம். அங்கே வளைவது பெட்டிகளுக்கு இடையேயுள்ள இணைப்பு மட்டுமே. பெட்டியே வளைந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? குருதியில் அதுதான் நடக்கிறது.

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். முதுமையுற்றால் அதன் தோல் விறைக்கும். மண்ணீரலில் இரண்டு மைக்ரானிலும் குறுகிய இடுக்குகள் இருக்கின்றன. நெகிழ்வுள்ள அணு அவற்றின் வழியே நழுவிச் செல்லும், விறைத்த அணு சிக்கிக்கொண்டு அழிக்கப்படும். இழப்பை ஈடுசெய்ய எலும்பு மச்சை வினாடிக்கு 20 லட்சத்திற்கும் மேற்பட்ட புதிய அணுக்களை ஈன்றுகொண்டே இருக்கிறது. நம் அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர் இடத்திற்கு ஆள் வர எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

இனி ஓட்டத்திற்கு வருவோம். குருதி விரைந்து ஓடுகையில் இளகியும் தேங்குகையில் தடித்தும் நிற்கும் இயல்புடையது. ஓட்டம் தளர்ந்தால் சிவப்பணுக்கள், கடைக்காரர் கல்லாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் காசுகளைப் போல அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்கின்றன. ஓட்டம் வேகங்கொண்டால் அடுக்கு குலைந்து அணுக்கள் தனித்தனியே ஓடுகின்றன. உடலில் அழற்சி நோய் இருந்தால் பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் என்னும் புரதம் மிகுந்து, அடுக்குகள் பெரியவாகிக் குழாயில் விரைவாகப் படியும். மருத்துவர் எழுதித் தரும் ஈ.எஸ்.ஆர். சோதனை அளப்பது இந்தப் படியும் வேகத்தையே.

குழல் குறுகினால் ஓட்டம் எவ்வளவு குறையும் என்பதை 1840-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பாய்செயில் என்ற பிரெஞ்சு மருத்துவர் கணக்கிட்டார். பாதியாகக் குறுகினால் ஓட்டமும் பாதியாகும் என்று நாம் எண்ணுவோம். அவர் கண்டதோ 16-இல் ஒரு பங்கு! அப்படியானால் மயிரிழையினும் மெல்லிய குழல்களில் குருதி எவ்வாறு நகர்கிறது? 1931-இல் ஃபாரியஸ், லிண்ட்குவிஸ்ட் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர் விடை கண்டனர். குறுகிய குழலில் சிவப்பணுக்கள் நடுவே ஒதுங்க, ஓரத்தில் பிளாஸ்மா எண்ணெய் பூசியது போல நின்று வழுக்கிவிடுகிறது; ஆதலின் குழல் குறுகக் குறுகக் குருதி ஓரளவுக்கு இளகியது போலவே நடந்துகொள்கிறது. அணு வளைந்து கொடுப்பதும், போதிய தண்ணீர் உடனிருப்பதும் ஆகிய இவ்விரண்டின்மேல்தான் ஓட்டம் முழுதும் நிற்கிறது.

வளையும் தன்மை போனால் என்னாகும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. 1910-இல் சிகாகோவில் ஹெரிக் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் குருதியில் அரிவாள் போன்று வளைந்த அணுக்களைக் கண்டு எழுதினார். அது பிற நாட்டார் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே அதே அணுக்கள் இருப்பதைக் கண்டறிந்தனர். கேரளத்தில் வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் அந்நோய் இருக்கிறது. அவ்வணு உயிர்வளியை இழந்தவுடன் உள்ளிருக்கும் ஹீமோகுளோபின் கம்பி கம்பியாக இறுகி, நெகிழ்ந்த வட்டை விறைத்த அரிவாளாக மாற்றிவிடுகிறது. 120 நாள் வாழவேண்டியது 20 நாள் வாழ்வதே அரிது. குழல்கள் அடைபடும், எலும்பைப் பிளப்பது போன்ற வலி எழும். குளிரும் தாகமும் அதனை மிகுவிக்கும். தாய் தந்தை இருவரும் இக்குறையை ஒற்றையாகத் தாங்குவோராயின், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் தாங்கினால் குழந்தைக்கு நோய் வருவதில்லை. ஆகவே திருமணத்திற்கு முன் ஒரு சிறு சோதனை பெருந்துயரைத் தவிர்க்கும். இந்திய அரசு 2023 சூலை 1-ஆம் நாள் தொடங்கிய இயக்கம் 40 வயதிற்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிக்க முனைந்தது.

தேங்கினால் தடிக்கும் என்றோமே, அதனோடு போராடி வென்ற பெருமை இந்நகருக்கே உண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இருதய வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். வால்வின் தட்டு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 கோடியே 70 லட்சம் முறை திறந்து மூடவேண்டும். மூடுகையில் சிவப்பணுக்களை நசுக்கலாகாது; எந்த மூலையிலும் குருதி தேங்கவும் விடலாகாது, தேங்கினால் உறைந்து கட்டியாகும். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவது வடிவம் 1990 திசம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளியின் இருதயத்தில் பொருத்தப்பட்டது. பின்னர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைப் பெற்றனர். அவ்வால்வு பொருத்தப்பெற்றவர் உறைதலைத் தடுக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ணவேண்டும். "உடம்பு தேறிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று அண்டை வீட்டார் அன்பு மேலிட்டுக் கூறும் அறிவுரையைப் போலக் கொடியது பிறிதில்லை.

இப்போது டெங்குவுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டில் மட்டும் கேரளத்தில் ஏறத்தாழ 20,000 பேர் இக்காய்ச்சலுக்கு ஆளாயினர். நம் காலனியிலும் அவ்வாண்டு கட்டில் காலியாயிருந்த வீடு குறைவு. நம் வீட்டுப் பிள்ளையும் மருத்துவமனையிற் கிடந்தான். உறவினர் ஒருவர்பின் ஒருவராகத் தொலைபேசியில் பிளேட்லெட் எண்ணையே கேட்டனர். சிலர் பப்பாளி இலைச் சாற்றுடன் நேரிலும் வந்தனர். முதிய செவிலியர் ஒருவர் மட்டும், "இன்று காலையிலிருந்து பையன் எத்தனை முறை சிறுநீர் கழித்தான்?" என்று கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார். அக்கேள்வியின் பொருள் நமக்குப் பின்னரே விளங்கிற்று.

டெங்குவில் குருதிக் குழல்களின் சுவர் கசிகிறது. அணுக்கள் உள்ளே நிற்க, பிளாஸ்மாவின் தண்ணீர் வெளியே ஒழுகிவிடுகிறது. அப்போது அணுக்களின் பங்கு தானே உயரும். நேற்று 38 என்றிருந்த பி.சி.வி. இன்று 46 ஆனால், குருதி ஊறியது என்று மகிழ்வதற்கில்லை. நீர் வெளியேறிவிட்டது என்று பொருள். ஓடவேண்டிய குருதியின் அளவு குறைகிறது, எஞ்சியதும் தடிக்கிறது; ஓட்டம் தளர்கிறது, தளர்ந்த ஓட்டம் அதனை மேலும் தடிக்கச் செய்கிறது. கைகால் சில்லிட்டு, நாடி மெலிந்து, சிறுநீர் குறைவது இதனால்தான். இதில் வஞ்சகமானது யாதெனில், இக்கசிவு காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது பெரும்பாலும் வருவதில்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் இறங்கும் வேளையில் வருகிறது. நெற்றி குளிர்ந்தது கண்டு வீட்டார் நிம்மதியுடன் உறங்கும் இரவே விழித்திருக்கவேண்டிய இரவு. ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, பல் ஈறில் அல்லது மூக்கில் குருதி, அளவிறந்த சோர்வு, மிகுந்த அமைதியின்மை இவற்றுள் ஒன்று தோன்றினும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பிளேட்லெட் எண் குறைந்தது ஒன்றே காரணமாக அதனை ஏற்றவேண்டும் என்று மருத்துவரை நெருக்குவோர் உண்டு. குருதிப் பெருக்கு இல்லாதபோது எண்ணை மட்டும் பார்த்து ஏற்றுவது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. குளுக்கோஸ் பாட்டிலை மேன்மேலும் ஏற்றச் சொல்வதும் ஆகாது. கசிவு ஓரிரு நாட்களில் நின்று, வெளியே போன நீர் தானே குழலுக்குள் திரும்பும். அப்போது மிகையாக ஏற்றிய நீர் நுரையீரலில் நிறைந்து மூச்சை அடைக்கும். ஆகவேதான் அவர்கள் பி.சி.வி.யைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்துச் சொட்டுகளைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறார்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியன சில. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் இவற்றைச் சிறுகச் சிறுக இடைவிடாது கொடுக்கலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுப்ரூஃபனும் தொடலாகாது. இந்நாட்டு வழக்கப்படி நாமும் பதிமுகம் இட்டுக் காய்ச்சிய செந்நிறத் தண்ணீரைக் குடித்துப் பழகிவிட்டோம். அது நல்லதே எனினும் டெங்கு கண்டவருக்கு அந்நாட்களில் வேண்டாம். வாந்தியில் வருவது குருதியா பதிமுகமா என்று அறிய முடியாமற் போகும். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில் நாள், நேரம், குடித்த தண்ணீர், சிறுநீர் கழித்த தடவை, பி.சி.வி., பிளேட்லெட் என்று பத்தி பிரித்து எழுதி வாருங்கள். மருத்துவரிடம் செல்லும்போது அதையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.

அத்தகைய தாள்களை மாதிரிக்காக எழுதி நுழைவாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம்.