கல்லுமலையைத் தேடினால்



தேடுபொறியும் தமிழும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். ஒலியனும் உருபனும் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். ஈப்போவில் கடைகளுக்கும் கோயில்களுக்கும் இணையப்பக்கம் அமைத்து, அவை கூகுளில் முன்னே தோன்றுமாறு செய்யும் தொழிலை நடத்துகின்ற இளைஞர் ஒருவருக்குச் சில ஆண்டுகளாகத் தமிழ்ச்சொல் தெரிந்து கொடுத்து வருகிறேன். அவர்கள் எஸ்.இ.ஓ. என்பதைத் தேடுபொறி உகப்பாக்கம் என்று தமிழாக்கியுள்ளோம். பெயர்தான் பெரிது. மக்கள் எந்தச் சொல்லால் கேட்கிறார்களோ அந்தச் சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே அவ்வேலையில் பாதி. அந்தப் பாதியில்தான் நம் பேராக் மாநிலத்துத் தமிழ் இடறி விழுகிறது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தம் பாட்டியாரின் குடியுரிமை விண்ணப்பத்துக்காக அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைத் தேடி ஒரு பேரன் என்னிடம் வந்தார். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்ததாக அறிந்த அத்தோட்டத்தை ஆறாங்கட்டைத் தோட்டம் என்பதற்கு மேல் பாட்டியாருக்குச் சொல்லத் தெரியவில்லை. பேரன் அச்சொல்லைத் தமிழிலும் உரோமன் எழுத்திலும் பலவாறு எழுதித் தேடியிருக்கிறார், ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் வழியில்லை. கட்டை என்பது நம் நாட்டுத் தமிழில் மைல். மைல் கணக்கு கிலோமீட்டராக மாறியபின் அந்தக் கற்களும் போயின. அரசுப் பதிவிலோ நிலப்படத்திலோ அத்தோட்டத்துக்கு இருந்த பெயர் ஆங்கிலக் குழுமம் இட்ட பெயர். அது பாட்டியாரின் வாயில் ஒருநாளும் வழங்கியதில்லை. பால்மரம் வெட்டியவர்கள் வைத்த பெயர் ஒன்று, பங்குதாரர் அறிக்கையில் அச்சான பெயர் மற்றொன்று. இரண்டையும் ஒருசேர எழுதிய பக்கம் இணையத்தில் ஒன்றுகூட இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் மறைந்ததை நாம் நன்கு அறிவோம். லயங்கள் இடிக்கப்பட்டபோது மக்கள் பட்டணத்து ஓரங்களுக்குச் சிதறினார்கள். அவர்கள் கொண்டுவந்த பெயர்கள் எழுத்தில் ஏறவில்லை என்றால் அத்தோட்டம் இரண்டாம் முறையும் மறைகிறது.

நிலைத்து நிற்கும் ஊர்களுக்கும் இத்தொல்லை உண்டு. நாம் ஈப்போ என்று நெடிலிட்டு எழுதுகிறோம். தமிழ்நாட்டில் சிலர் இப்போ என்று எழுதிவிடுகின்றனர். பேச்சுவழக்கில் இப்போ என்றால் இப்பொழுது. அச்சொல் நிறைந்த கடலில் நம் ஊர் மூழ்கிப்போகும். பத்து காஜாவைப் பாருங்கள். மலாயில் பத்து என்றால் கல், தமிழில் எண். மனிதனுக்கு இதில் குழப்பமே இல்லை. எழுத்துருவத்தை மட்டும் ஒப்பிடும் பொறிக்குப் பத்து மணியும் பத்துமலையும் ஓரினம். தெலுக் இந்தான் 1982ஆம் ஆண்டு வரை தெலுக் ஆன்சன். பழைய பிறப்புச் சான்றிதழை வைத்துத் தேடுபவர் பழைய பெயரைத்தானே இடுவார்? ஈப்போ மக்கள் கல்லுமலை என்று சொல்லித் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துச் செல்லும் இடம் நிலப்படத்தில் குனோங் சீரோ. நான் சோதனைக்காக விடையெழுதும் பொறி ஒன்றிடம் கல்லுமலை எங்கே என்று கேட்டேன். அது சற்றும் தயங்காமல் என்னைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பி வைத்தது!

ஒரே பொருளுக்கு நாடுதோறும் வேறு சொல் வழங்குவதும் சேர்ந்துகொள்கிறது. பள்ளி நூல் ரப்பர் என்கிறது. இலங்கைத் தமிழர் இறப்பர் என்கின்றனர். இங்கே பெரியவர்கள் மலாய்ச் சொல்லைத் தழுவிக் கித்தா என்பார்கள், அல்லது பால்மரம் என்பார்கள். தோட்டத்துப் பள்ளிகளை அரசுப் பட்டியலில் தேடினால் தோட்டம் என்னும் சொல்லே இராது. லாடாங் என்று இருக்கும். தெலுக் இந்தான் பக்கத்து ஜெண்டராத்தா தோட்டப் பள்ளியைத் தேடுபவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனி இலக்கணம். இங்கே நான் சற்று நீட்டுவேன், பழக்கதோஷம், பொறுத்தருள்க. ஆங்கிலச் சொற்களின் ஈற்றைக் களைந்து வேரைக் காணும் முறையொன்றை 1980இல் மார்ட்டின் போர்ட்டர் வெளியிட்டார். தேடல் நுட்பத்தில் அது பெரிதும் பயன்பட்டது. ஆங்கிலத்துக்குச் சில பத்து விதிகள் போதும். தமிழில் தோட்டம் என்னும் சொல் வேற்றுமை ஏற்கும்போது மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெறுகிறது: தோட்டத்தை, தோட்டத்துக்கு, தோட்டத்திலிருந்து. அதன்மேல் பன்மை, உம்மை, ஏகாரம். ஈப்போ உடம்படுமெய் பெற்று ஈப்போவில், ஈப்போவுக்கும் என நிற்கும். ஈப்போத் தோட்டம் என்று ஒற்று மிகுத்துப் புலவர் எழுதுவார், கடைக்காரர் எழுதமாட்டார். ஸ்னோபால் என்னும் கட்டற்ற மென்பொருள் தொகுதியில் இன்று தமிழுக்கும் ஈறு களையும் விதிகள் உண்டு. எனினும் கித்தா, லாடாங் போன்ற சொற்களின் உறவை எந்த விதியும் தானாக உணராது. அது அகராதியின் வேலை.

எழுத்துருச் சிக்கலை விரைந்து கடக்கிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு குறியாக்கத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. அதற்கு முன்னும் பின்னும் இதழ்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தன. அப்பக்கங்கள் கண்ணுக்குத் தமிழ்; பொறிக்குப் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாறியதால் அதன் நூல்கள் இன்று தேடலில் கிடைக்கின்றன. மாறாதவை கிடைப்பதில்லை. யூனிகோடிலும் ஒரு பொறி வைத்திருக்கிறது: 2005இல் வந்த 4.1 பதிப்பில் ஶ என்னும் எழுத்துச் சேர்ந்தபின் ஸ்ரீ என்பதை இருவகையாகக் குறிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கோயில் பெயர்களில் பெரும்பான்மை அவ்வெழுத்தோடுதானே தொடங்குகின்றன!

தேடுபொறியும் மாறிக்கொண்டே வருகிறது. முன்பெல்லாம் பக்கத்தின் மறைவான பகுதியில் குறிச்சொற்களை அடுக்கி வைப்பார்கள். தரவரிசைக்கு அதைக் கருதுவதில்லை என்று கூகுள் 2009இல் வெளிப்படையாகவே அறிவித்தது. இன்றும் அவ்வேலைக்குப் பணம் வாங்குவோர் உளர். 2019 இறுதியில் பெர்ட் என்னும் மொழிக்கணிப்பு முறை தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. சொல்லை மட்டும் பாராமல் அண்டைச் சொற்களையும் நோக்கிப் பொருள் கொள்ளும் முறை அது. ஈப்போவுக்கும் இப்போவுக்கும் வேறுபாடு காண இது துணைசெய்யும் என்று மகிழ்ந்தேன், ஓரளவு செய்கிறது. ஆயினும் அண்டைச் சொல் இருந்தால்தானே நோக்க முடியும்? பேராக் தோட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதிய பக்கம் குறைவு என்பதால் பொறி அறிந்துகொள்ள உரை இல்லை. 2024 முதல் முடிவுகளுக்கு மேலே சுருக்க விடை ஒன்று எழுதப்பட்டு வருகிறது. முன்பு ஒன்றும் கிடைக்கவில்லை என்றாவது தெரியும். இப்பொழுது இடைவெளியை ஏதோ ஒன்று நிரப்பிவிடுகிறது.

இத்தொழிலின் கருவிகளை நான் பெரிதும் மதிக்கிறேன். சர்ச் கன்சோல் என்னும் கருவி, ஒரு பக்கத்துக்கு மக்கள் எந்தெந்தச் சொல் இட்டு வந்தனர் என்பதைப் பதினாறு மாத அளவுக்குக் காட்டும். களப்பணியில் தகவலாளர் முன் அமர்ந்து வழக்குச் சொல் திரட்டிய எனக்கு அப்பட்டியலை முதலில் கண்டபோது பேருவகை. ஒரு கோயிலின் பக்கத்துக்குத் திருத்தலம் என்று தேடி வந்தவர் ஒருவருமில்லை. வந்தோர் அனைவரும் உரோமன் எழுத்தில் கோவில் என்று இட்டவர்கள். நிருவாகத்தார் திருத்தலத்தை விட்டுக்கொடுக்க மறுத்தனர். கோயிலையும் ஓரிடத்தில் சேர்ப்பதென்று உடன்பட்டோம்.

ஆனால் ஒன்று. மிகச் சிலரே கேட்கும் கேள்விகளை, கேட்டவரின் தனியுரிமை கருதி அக்கருவி காட்டுவதில்லை. டிரெண்ட்ஸ் கருவியோ தேடல் குறைவாயின் வெறும் கோடாக நிற்கும். நியாயந்தான், குறை சொல்லவில்லை. ஆறாங்கட்டைத் தோட்டத்தை உலகில் எத்தனை பேர் தேடுவார்கள்? ஐந்து பேர்? அந்த ஐவரும் எண்ணிக்கைக்குள் வரமாட்டார்கள். எண்ணிக்கையை நம்பிச் சொல் தெரியும் தொழில் அவர்களைக் காணவே காணாது. ஆகவேதான் பழைய முறைக்குத் திரும்பினேன்: நோட்டுப் புத்தகத்தோடு பெரியவர்களின் வீட்டுக்குப் போவது. தோட்டத்தின் வாய்வழக்குப் பெயர், பதிவுப்பெயர், மலாய்ப் பெயர், அருகிலிருந்த கட்டை, கோயில், பள்ளி ஆகியவற்றை எழுதிக்கொள்கிறேன். இளைஞர் அவற்றைப் படமாக அன்றி எழுத்தாகவே, தோட்டத்துக்கு ஒரு பக்கமாக ஏற்றுகிறார். எல்லாப் பெயர்களும் முதல் பத்தியிலேயே இயல்பான வாக்கியமாக வருமாறு நான் எழுதித் தருகிறேன். அதில் உகப்பாக்கத் தந்திரம் ஒன்றுமில்லை.

பேரனின் தேடல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விடை இணையத்தில் கிடைக்கவில்லை. பழைய தீமிதித் திருவிழா அழைப்பிதழ் ஒன்றைப் பாட்டியாரின் தோழியார் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அதில் ஆங்கிலப் பெயரும், அடைப்புக்குள் ஆறாங்கட்டை என்பதும் அச்சாகியிருந்தன. விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அந்த அழைப்பிதழின் வாசகம் இப்பொழுது ஒரு பக்கமாக ஏறியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில் இத்தகைய தாள் இருப்பின் கூட்டம் முடிந்தபின் என்னைப் பாருங்கள். நோட்டுப் புத்தகம் கையில்தான் இருக்கிறது.