மட்டக்களப்போடு நின்ற புகையிரதம்

1928ஆம் ஆண்டிலே புகையிரதம் மட்டக்களப்பை வந்தடைந்தது. அன்று அங்கே முடிந்த தண்டவாளம் இன்றும் அங்கேதான் முடிகிறது. தெற்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனைக்கு அது வரவேயில்லை. பொத்துவில் வரை பாதை நீளும் என்ற பேச்சு மட்டும் பலமுறை வந்து போயிற்று. தென்கரையிலோ, மாத்தறையோடு நின்றிருந்த பாதை 2019இல் பெலியத்தை வரை நீண்டது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எம் கரையைச் சிதைத்தது. இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பின்னர் வீடுகள் எழுந்தன, வீதிகள் திருந்தின, 2013இல் கல்லடியிலே புதிய பாலமும் திறக்கப்பட்டது. இருப்புப் பாதை மட்டும் நீளவில்லை.

தாமதம் நிலத்தையும் விழுங்குகிறது, நேயர்களே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என ஊரோடு ஊர் ஒட்டி, கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது எம் நிலம். இன்று வெறுங்காணியாயுள்ள இடத்தில் நாளை ஒரு குடும்பம் வீடு கட்டும். அதன்பின் பாதை வருமானால், அலைக்குத் தப்பிய அக்குடும்பமே மீண்டும் இடம்பெயர நேரலாம். ஆகவே, பாதை வரும்போது வரட்டும். அது செல்லவேண்டிய வழியை இப்போதே அளந்து, எல்லைக்கல் நாட்டி, ஊராருக்கு அறிவித்துவிடுவதே அறிவுடைமை.